இருபுறமும் கேட்கும் மைக்

உப்பையும் காற்றையும் தவிர வேறெதையும் பெரிதாக விளைவிக்காத உப்பாத்துறை என்னும் ஊரில், மாதா கோயில் கொடியேற்றத்தன்று சாயங்காலம், மேடையில் நின்று ஜோடிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த எர்மலினின் குரல் அம்பலவாணனுக்கும், அம்பலவாணனின் குரல் எர்மலினுக்கும் போய்ச் சேர்ந்தது. இடியில்லை, மின்னலில்லை. முதல் சரணம் முடிந்து, வயலின் இழுத்து ஓய்ந்து, தபேலா ஒரு சுற்றுச் சுற்றி நின்றதும் எர்மலின் தன் வரிக்கு வாய் திறந்தாள், அம்பலவாணனுடைய கனத்த, அடியில் கொஞ்சம் மணல் படிந்த குரல் வெளியே வந்தது. அடுத்த வரிக்கு அவர் வாய் திறந்தார், எர்மலினின் குரல், ஈரத்துணியைக் காற்றில் உதறியதுபோல, ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாண்டிக் கடற்கரை வரை போனது. பாட்டு நிற்கவில்லை. மழை வந்தாலும் கரண்ட் போனாலும் எடுத்த பாட்டை நிறுத்துவதில்லை என்பது அவர்கள் பாடும் பொன்னலை இன்னிசைக் குழுவில் எழுதாத சட்டம். ஆகவே இருவரும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பாடி முடித்தார்கள். இது என்னவோ புது வித்தை என்று நினைத்த ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அண்ணாச்சி" என்று எர்மலின் கூப்பிட்டாள். அந்தச் சொல்லும் அவருடைய குரலில்தான் வந்தது. அம்பலவாணன் பதில் சொல்லப் பயந்துபோய், தலையை மட்டும் ஆட்டினார்.

சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த மைதீன் பிச்சை வயர்களையெல்லாம் பிடுங்கி மறுபடி மாட்டினார், மைக்குகளை இடம் மாற்றினார், கடைசியில் மைக்கே இல்லாமல் இருவரையும் ஒன்று இரண்டு சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "மைக்குல போனது மைக்குலதான் திரும்பி வரணும். எந்த மைக்குங்கிறதுதான் தெரியல" என்றார். ஊர் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனது.

உப்பாத்துறை ஒரு புது விஷயத்தைப் பழகிக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது. வடக்கே உப்புப் பாத்திகள் ஒரு பருவத்தில் ரோஜா நிறமாக மாறுவதையும், கோடை மத்தியானங்களில் உப்புக் குவியல்கள் தரையைவிட்டு ஒரு முழம் மேலே மிதப்பதையும் பார்த்துப் பழகிய கண்களும் காதுகளும்தானே. மீன் சந்தையில் எர்மலின் ஊளி மீனைத் தூக்கிப் பார்த்து, "என்ன விலை?" என்று அம்பலவாணனின் குரலில் கேட்டதும் மீன்காரிகள் முதல் வாரம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் அவளிடம் பேரம் பேச முடியவில்லை என்று அலுத்துக்கொண்டார்கள், மூன்றாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பங்குச் சாமியார் நிறைய யோசித்து, பூசைப் பாட்டின்போது எர்மலின் பெண்கள் பக்கமே நிற்கட்டும், ஆனால் ஆண்களின் வரிகளைப் பாடட்டும் என்று ஏற்பாடு செய்தார். அம்பலவாணனுக்கு உப்பளத்து வாசலில், உப்பு ஏற்ற வரிசையில் நிற்கும் லாரிகளை நம்பர் சொல்லிக் கூப்பிடும் வேலை. இப்போது அந்த நம்பர்கள் எர்மலினின் குரலில், ஆராரோ பாடுவதுபோல, வெள்ளை வெயிலில் மிதந்து வந்தன. ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஹாரன் அடித்த டிரைவர்கள் சண்டையை விட்டார்கள், கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு, தங்கள் நம்பர் வந்த பிறகும் இன்னொரு தடவை கேட்பதற்காக வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியூர்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பொன்னலைக் குழுவைத் தேடி அதுவரை பேர் கேட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம் கல்யாண வீட்டார் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், குரல் மாறின ஊர் இதுதானா என்று கேட்பவர்களுக்கு வழி சொல்லவே தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எல்லாரும் பழகிக்கொண்ட ஒரு விஷயத்தை எர்மலினால் ஓர் ஆளிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அவள் புருஷன் கஸ்பார் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதிக்கு மேல் அவர்கள் குடும்பம் நடத்தியது போனில்தான். அவளுடைய குரல்தான் அவனுக்கு வீடு, வாசல், சோறு எல்லாம். கப்பல் ஏதாவது ஒரு துறைமுகத்தைத் தொட்டதும் அவன் கூப்பிடுவான். முதல் தடவை அவள் ரகசியமாகப் பேசிப் பார்த்தாள், ரகசியத்துக்கு ஆண் குரலும் கிடையாது, பெண் குரலும் கிடையாது என்பதால்.

"ஏன் மெதுவா பேசுத? வீட்டுல யாரும் இருக்காவளா?" என்று கஸ்பார் கேட்டான்.

அதற்குப் பிறகு ரகசியமும் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. ஆகவே, கஸ்பார் கூப்பிடும் நாளில் அம்பலவாணன் அவள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார், போனைக் காதில் வைத்துக்கொண்டார், எர்மலின் அவருடைய மறுகாதில் கிசுகிசுத்ததை அவளுடைய குரலில் அப்படியே திருப்பிச் சொன்னார். சாப்பிட்டீங்களா, அங்க குளிரா, முதுகு வலி எப்படி, உங்க தலையணையை வெயில்ல போட்டு எடுத்தேன், உங்க வாசனை போயிருமோன்னு பாதியிலேயே எடுத்துட்டேன். தன் வீட்டில் உப்புப் போதுமா போதாதா என்பதைக்கூட வாயால் சொல்லாமல் தட்டை நகர்த்திக் காட்டும் மனிதர், காது மடல் சிவக்க, வேர்த்து வழிய இதையெல்லாம் சொன்னார். போன் பேசி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இவ்வளவு பேசணுமாம்மா?" என்று கேட்டார்.

"பேசணும் அண்ணாச்சி. அவ்வளவு தூரத்துல இருக்காவ."

"பக்கத்துல இருந்தா?"

எர்மலின் சிரித்தாள். அவருடைய சிரிப்பு அவளிடமிருந்து வந்தது.

இப்படியே போயிருக்கும், ஆனால் மழைக்கால ஆரம்பத்தில் ஒருநாள், எர்மலின் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போதே அம்பலவாணன் அவள் சொல்லாத ஒன்றைப் போனில் சொல்லிவிட்டார்: "தம்பி, நான் அம்பலவாணன் பேசுதேன். ஒரு மனுசன் மனசு விட்டுப் பேசுததை இன்னொருத்தன் வாங்கிக் கேட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. என்னால முடியல." நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் நிறைய நேரம் கடல்தான் கேட்டது. பிறகு கஸ்பார், "அவகிட்ட கொடுங்க" என்றான். எர்மலின் போனை வாங்கி, "நான்தான்" என்றாள்.

அவன் யோசித்தான். "இன்னொரு தடவை சொல்லு."

"நான்தான்."

"நீதான். வாய் தொறக்குமுன்னால ஒரு மூச்சு இழுத்து நிறுத்துவ பாத்தியா, அது மாறல. சரி, பேசு. கடல்ல இதைவிட மோசமானதெல்லாம் கேட்டிருக்கேன்."

அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் போனின் சார்ஜ் தீர்ந்தது. எர்மலினுக்கு இருந்த பெரிய பயம் போய்விட்டது. இனி குரல் திரும்பினாலும் ஒன்றுதான், திரும்பாவிட்டாலும் ஒன்றுதான் என்றே அவள் நினைத்தாள். காந்திமதி வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

காந்திமதி அம்பலவாணனின் மனைவி. பிள்ளை இல்லாத வீடு. அந்த வீட்டில் சண்டை இல்லை, சத்தம் இல்லை, பேச்சும் இல்லை. புருஷனுடைய குரலை அவள் கல்யாணமான நாளிலிருந்து ஜனங்களோடு ஜனமாகக் கீழே உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறாள், அதுவும் அவர் எர்மலினைப் பார்த்துக் கண்ணே என்றும் முத்தே என்றும் பாடும்போது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை, ஏனென்றால் அவர்கள் இருவரும் மேடையில் ஒருநாளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் ஜனங்களின் தலைக்கு மேலே தெரிந்த முருங்கை மரத்தைப் பார்த்துப் பாடுவார், அவள் டியூப்லைட்டைப் பார்த்துப் பாடுவாள்.

பாத்திகளில் மழைநீர் நின்று, அளத்தில் வேலை ஓய்ந்து, வானமும் தரையும் ஒரே சாம்பல் கண்ணாடியாக ஆகிவிட்ட ஒரு மத்தியானத்தில், காந்திமதி ஒரு தூக்குவாளியில் தேங்காய்ப்பால் சொதியோடு வந்தாள்.

"ஒண்ணுமில்ல தாயி. இதைச் சாப்பிட்டுட்டு, நல்லா இருக்குன்னு சொல்லு."

எர்மலின் சாப்பிட்டாள். "நல்லா இருக்கு மதினி."

"மதினி வேண்டாம். காந்தின்னு சொல்லு."

எர்மலின் விளையாட்டாகவே சொன்னாள். "நல்லா இருக்கு காந்தி." காந்திமதி வெட்கப்பட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் புளிக்கறியோடு வந்தாள். பிறகு வெறுங்கையோடும் வந்தாள். தலையில் பூ நல்லா இருக்குன்னு சொல்லு என்பாள், காய்ச்சலா ஏன் முகம் வாடியிருக்குன்னு கேளு என்பாள், ஒருநாளாவது கடலுக்குப் போய்ட்டு வருவோமான்னு கேளு என்பாள். எர்மலின் அந்தக் கனத்த குரலைக் கொஞ்சம் இறக்கி, நெருங்கிச் சொல்லும்போது அதன் மணலெல்லாம் அடங்கி ஊற்றுத் தண்ணீர்போல வருவதை அவளே வியந்து கேட்பாள். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு இந்த மனிதர் லாரி நம்பர் மட்டுமா சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைப்பாள். மழை பெய்துகொண்டே இருந்தது. ஊரில் யாரும் எதையும் தப்பாக நினைக்கவில்லை. ஒரு பெண் தன் புருஷன் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கேட்டு வருகிறாள், இதில் பேச என்ன இருக்கிறது.

மழை விட்ட பிறகு ஒருநாள், காந்திமதி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "உன்னைக் கட்டினதுல எனக்கு ஒரு குறையும் இல்லன்னு சொல்லு."

எர்மலின் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன்னைக் கட்டினதுல எனக்கு ஒரு குறையும் இல்ல காந்தி."

காந்திமதி கண்ணை மூடிக்கொண்டாள். புதிதாக உப்புப் பூத்த பாத்தியில் வெயில் பட்டதுபோல அவள் முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது. அது கொஞ்ச நேரம் நின்றது, பிறகு ஓரங்களிலிருந்து கரைந்தது. அவள் திரும்பி எர்மலினைப் பார்த்தாள்.

"அவாளுக்கு நெசமாவே அப்படித் தோணியிருக்குமா?"

எர்மலினுக்குத் தெரியாது. குரல் தன்னிடம் இருந்தாலும் அதற்குப் பின்னால் இருந்தது எதுவும் தன்னிடம் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காந்திமதி போன பிறகு எர்மலின் புடவையை மாற்றிக்கொண்டு மைதீன் பிச்சையின் கடைக்குப் போனாள்.

"அம்மன் கோயில் பங்குனிக் கொடைக்கு எங்களுக்கு ஒரு மைக் வேணும் பாய்," என்றாள். "பழையபடி ஆகுற மாதிரி."

மைதீன் பிச்சைக்கு அதைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது, மைக் என்றால் அவருக்கு உயிர். கடை முழுக்க அவை பஞ்சுமெத்தைப் பெட்டிகளில் குழந்தைகள்போலத் தூங்கின. அம்பலவாணனையும் ஆள் விட்டு வரவழைத்தார். முதலில் உருண்டைத் தலை மைக்கைக் கொடுத்தார். அது பக்கத்தில் இருப்பதை மட்டுமே கேட்கும், உதட்டை ஒட்டிப் பாடினால் குரலுக்கு ஆழம் கூட்டும், கீழே போட்டு மிதித்தாலும் பாடும். எர்மலின் அதில் பாடினாள். அம்பலவாணனின் குரல் இன்னும் அழகாக வந்தது, அவ்வளவுதான். அடுத்து மெலிந்த வெள்ளி மைக். அது எல்லாவற்றையும் கேட்டது: அவளுடைய வளையலை, அம்பலவாணனின் வயிறு கத்துவதை, தெருக்கோடிக் காக்கையை, கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து வந்த தன் சத்தத்தையே கேட்டு ஊளையிட்டது. "மேடைக்கு இது வேண்டாம், இதுக்குப் பொறுமை கிடையாது" என்று மைதீன் பிச்சை அதை அணைத்தார். வயர் இல்லாத மைக்கைக் கையில் எடுத்ததும் எங்கோ போகும் லாரி டிரைவர் ஒருவர் தன் வீட்டுக்காரியிடம் பேசுவது கேட்டது. மூவரும் மரியாதையாக அதை வைத்துவிட்டார்கள்.

"அந்தப் பெட்டில என்ன இருக்கு?" என்று மேல் தட்டைக் காட்டி எர்மலின் கேட்டாள்.

"அது ஆகாதும்மா. பழைய வானொலி நிலையத்துப் பொருள். உள்ள வெங்காயச் சருகைவிட மெல்லிசா ஒரு தகடு, நாடா மாதிரி தொங்கும். காத்து பலமா அடிச்சாலே அறுந்துரும்."

"எப்படிக் கேக்கும்?"

"முன்னாலயும் கேக்கும், பின்னாலயும் கேக்கும், பக்கவாட்டுல செவிடு. அந்தக் காலத்துல ரெண்டு பேர் ஜோடிப் பாட்டுப் பாடினா இதை நடுவுல வச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"நடுவுல வச்சு?"

"ஆளுக்கொரு பக்கமா நின்னு, மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துப் பாடுவாவ."

கனமான அந்த மைக்கை மேசைமேல் நிறுத்தி, இந்தப் பக்கம் எர்மலினும் அந்தப் பக்கம் அம்பலவாணனும் நின்றார்கள். ஒரே ஒரு வரி. அந்த வரியில், ஒரு சொல்லின் பாதியில், எர்மலினின் தொண்டையில் அவளுடைய சொந்தக் குரல் மீன் வால்போல ஒரு தடவை துள்ளியது. உடனே இருவரும் பதறிப் பார்வையை விலக்கிக்கொண்டார்கள். குரல் நழுவிப் போய்விட்டது.

"இதுதான்" என்றாள் எர்மலின்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. கொடைக் கமிட்டித் தலைவர் சொர்ணலிங்கம் நேராகவே வந்து கேட்டார், "எல்லாம் நல்லாத்தானே போய்ட்டு இருக்கு? கொடை பாக்க வாரவன் பாதிப் பேரு உங்களைப் பாக்கத்தான் வாரான்." லாரிக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். காந்திமதி எர்மலின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்ச நாள் போகட்டுமே தாயி," என்றாள். "அது போயிட்டா எனக்கு யாரு பேசுவா?"

எர்மலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, அது என்கிட்ட இருக்குறவரைக்கும் அவரால பேச முடியாதுல்லா."

"திரும்பிப் போனாலும் பேசலைன்னா?"

எர்மலின் அவள் கையை விடாமல் வைத்திருந்தாள்.

பங்குனிக் கொடையன்று, சூரியன் பாத்திகளுக்குள் உருகி இறங்கும் நேரத்தில், மேடை நடுவில் அந்த மைக் நின்றது. அன்றைக்கென்று காற்று எழுந்தது. முதல் வீச்சிலேயே ஸ்பீக்கர் படபடவென்று அடித்துக்கொள்ள, மைதீன் பிச்சை ஓடிப்போய் மைக்கின் முன்னால் தன் முதுகைக் காட்டி நின்றார், "நாடா போயிரும், நாடா போயிரும்" என்று கத்தினார். யாரும் அசையவில்லை. பிறகு முன்வரிசையில் இருந்த காந்திமதி எழுந்து மேடையேறினாள், முந்தானையைப் பிரித்துக் காற்று வந்த பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து அளத்து ஆட்கள் உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லாரி டிரைவர்கள் ஒரு முனையைப் பிடித்தார்கள், மீன்காரிகள் ஒரு முனையைப் பிடித்தார்கள், சொர்ணலிங்கம் முனகிக்கொண்டே வந்து நடுவில் தோள் கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன ஊர், தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தார்ப்பாயைச் சுவராகப் பிடித்து நிற்க, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் காற்றே இல்லாத ஒரு சின்ன இடம் உண்டாயிற்று. அந்த இடத்தில் பாட்டு ஆரம்பித்தது.

அது குழுவின் சொந்தப் பாட்டு, ஓடத்துக்கும் கரைக்கும் நடக்கிற பேச்சு. இத்தனை வருஷம் சேர்ந்து பாடியவரின் கண் இப்படிப் பழுப்பாக, இப்படிப் பயந்து இருக்கும் என்று எர்மலினுக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் சரணத்தில் அம்பலவாணனின் பார்வை பழக்க தோஷத்தில் முருங்கை மரத்துக்குப் போனது, இரண்டு குரல்களும் தடுமாறின. எர்மலின் பாட்டை விடாமல், அவருக்காகக் காத்திருந்து பாடினாள். அவர் திரும்பி வந்தார். கண்ணை இமைக்காமல், கழுத்து நரம்பு புடைக்க, அவள் முகத்தைப் பார்த்துப் பாடினார். அப்போது, வெங்காயச் சருகைவிட மெல்லிய அந்தத் தகட்டில் இரண்டு குரல்களும் இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வந்து மோதின, ஒரு கணம் உப்பாத்துறையில் ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, கடல் மட்டும் இருந்தது. அடுத்த வரியை எர்மலின் எடுத்தாள். வெளியூர் போய்விட்டுச் சொந்த வீட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்ததுபோல, அவளுடைய குரல் அவளிடம் இருந்தது.

பாட்டு முடிந்த பிறகுதான் நாடா அறுந்தது. மைதீன் பிச்சை கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் துணியில் சுற்றினார். ஜனங்கள் கை தட்டினார்கள், கொஞ்சம் ஏமாற்றத்தோடும்தான். பிறகு தார்ப்பாயை மடித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைத் தேடி எடுத்துக்கொண்டு, படைப்புச் சோறு வாங்க அம்மன் கோயில் பக்கம் நகர்ந்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கிய காந்திமதி மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அம்பலவாணன் மேடையிலிருந்து இறங்கி அவள் எதிரில் போய் நின்றார். "போவமா?" என்றார், தன் குரலில், லாரி நம்பர் சொல்வதுபோல.

காந்திமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, காலால் செருப்பைத் தேடி மாட்டி, எழுந்தாள்.

"இரு," என்றார் அவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவளும் மறுபடி உட்கார்ந்தாள். அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, எதிரே மேடையில் மைக் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் முழுதாகத் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

எர்மலின் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று மறுபடி எழுந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தக் குரலை மாதக்கணக்கில் தன் தொண்டையில் சுமந்தவள், அதன் ஒவ்வொரு மணலையும் அறிந்தவள், இப்போது அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் நின்றாள். இரண்டு படி இறங்கினால் கேட்டிருக்கும். அவள் இறங்கவில்லை. காந்திமதி ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், திணறினார், கையை விரித்தார், மறுபடி சொன்னார்.

பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வரிசை வரிசையாக வந்து, முன்வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் மேடையை அண்ணாந்து பார்த்தார்.

"வண்டி கிளம்பணும்மா. அந்த ரெண்டு சேரை என்ன செய்ய?"

எர்மலின் மூச்சு இழுத்து ஒரு கணம் நிறுத்தினாள்.

"அது கெடக்கட்டும்," என்றாள். "நாளைக்கு வந்து எடுத்துக்கிடுங்க."